வாசாவுக்கு எந்தப் பெயின்ட்?

வாசா என்ற பழைய ஸ்வீடன் போர்க்கப்பலின் மாடலை 1:75 அளவில் மரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அசல், முன்னால் நீட்டியிருக்கும் பாய்க்கம்போடு சேர்த்து 69 மீட்டர். மேசையில் அது 92 செ.மீ. (முடிச்சிட்டு எங்க வைப்பேன்னு வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.)

எலும்புக்கூட்டை நிறுத்துவது சுலபம். உயிரை வாங்குவது பலகை ஒட்டும் வேலை. கப்பலின் நடுவில் வயிறு பெரிது, மூக்குப் பக்கம் சிறிது. ஒரே அகலப் பட்டைகளை வரிசையாக ஒட்டினால் முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் நுனி நோக்கிச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, கிளிப் போட்டுக் காயவிட வேண்டும். இடம், வலம் என்று மாற்றி மாற்றி ஒட்டணும். ஒரே பக்கமாகப் போனால் உடம்பே முறுக்கிக்கொள்ளும்.

இதில் வேடிக்கை, அசல் வாசாவே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை! உள்ளே கிடைத்த தச்சர்களின் அளவுகோல்களில் சில 12 அங்குல ஸ்வீடன் அடி, சில 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி. மேல்பாரமும் அதிகம். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து முதல் பயணம் கிளம்பி சுமார் 1,300 மீட்டர்தான் போனது. காற்றில் சாய்ந்ததும் திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. 1961-ல்தான் வெளியே எடுத்தார்கள்.

இனி பெயின்ட். பழைய மாடல்களில் கப்பலின் மேலுள்ள சிற்பங்களுக்குப் பின்னணி நீலம். பிந்தைய ஆய்வில் அது சிவப்பு என்று தெரிந்தது. நீலம்தான் கண்ணுக்கு அழகு, ஒத்துக்கிறேன். ஆனாலும் சிவப்புதான் அடிக்கப்போறேன். கயிறு வேலையைப் பற்றி இப்போதைக்கு யாரும் கேட்காதீங்க.