ஒரு மாப் குறைகிறது: தியேட்டர் நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

ஒவ்வொரு கேஸிலும் கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் பார்க்கும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற முறை எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இன்று முதல் நடைமுறைக்கு வந்தது. இது புதிய விதியன்று. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்பு செக்லிஸ்ட்டின் 19 அம்சங்களுள் இதுவும் ஒன்று. இதுவரை யாரும் எதுவும் பேசாமலேயே அந்தக் கட்டத்தில் டிக் விழுந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லும்போது புதிய நர்ஸ்கள் வெட்கப்பட்டார்கள், ஓரிரு டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பழகிவிடும்.

2024 ஜூன் 6, வியாழன்

செக்லிஸ்ட்டால் உண்மையில் பயன் உண்டா என்று மயக்க மருந்து டாக்டரிடம் இன்று பேசிக்கொண்டிருந்தேன். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், செக்லிஸ்ட் வந்தபின் அறுவை சிகிச்சை சார்ந்த இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே வேறுபாடுகள் பல இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை, டிக் போட்ட தாளைப் பார்த்து ஒன்றை மட்டும் அறிய முடியாது: தவறு ஒன்று கண்ணில் பட்டால், அந்த அறையில் ஆக இளையவர் அதைச் சொல்லியிருப்பாரா என்பதுதான் அது.

2024 ஜூன் 14, வெள்ளி

இன்று அதற்கு நேரடியாகவே விடை கிடைத்தது. நீண்ட வயிற்று அறுவை சிகிச்சை. மணி நான்கைத் தாண்டியிருந்தது. அடுத்த நோயாளி வெளியே டிராலியில் காத்திருந்தார். வயிற்றை மூடுவதற்கு முன், உள்ளே எதுவும் தங்கிவிடவில்லை என்று எண்ணிப் பார்க்கும் கவுன்ட்டில், பலகையில் பதினைந்து மாப் (இரத்தத்தை உறிஞ்ச வயிற்றுக்குள் வைக்கும் துணி) என்று எழுதியிருக்க, பதினான்குதான் கணக்கில் வந்தது. வேண்டியதை வெளியிலிருந்து எடுத்துக்கொடுத்துக் கணக்கும் வைக்கும் சர்க்குலேட்டிங் வேலையில் இருந்த பெண் அண்மையில்தான் பணியில் சேர்ந்தவர். மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு, குரல் நடுங்கினாலும் எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், ஒரு மாப் குறையுது" என்றார்.

தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர் ஏற்கெனவே சர்ஜன் கையில் இருந்தது. அவர் அதை டிராலியில் வைத்துவிட்டு, "சரி, மூட வேண்டாம். தேடுவோம்" என்றார். அவர் வயிற்றுக்குள் கைவிட்டு மூலைமூலையாகத் தடவிப் பார்க்க, சர்ஜனுக்குக் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் துணி மடிப்புகளை விலக்கிப் பார்க்க, நான் எக்ஸ்ரே பார்க்கும் சி-ஆர்ம் கருவியை எடுத்துவரச் சொல்லி ஆளனுப்பினேன். அதற்குள் தியேட்டர் ஆயாம்மா பக்கெட்டில் கிடந்தவற்றை விரிப்பின்மேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரத்தத்தில் ஊறிய இரண்டு மாப்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலக் கிடந்தன.

மாப் வெளியேதான் இருந்தது என்று தெரிந்தபின், 'இதற்காகவா இத்தனை நேரம்?' என்று ஒரு சொல் விழுந்திருந்தால் போதும், அந்தப் பெண் அடுத்த முறை மூன்று தடவை யோசித்திருப்பார். சர்ஜன், "நீ சொன்னது சரிம்மா, எப்பவும் இப்படியே சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தையலைத் தொடங்கினார். ஒரு குழுவில் நம்பிக்கை உருவாவதும் உடைவதும், பேசியவருக்கு என்ன மறுமொழி கிடைக்கிறது என்பதில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 ஜூன் 19, புதன்

தவறு நேராமல் தப்பிய நிகழ்வுகளைப் பதியும் நோட்டில் இந்த மாதம் பதிவுகள் கூடியிருப்பதைப் பார்த்து நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பின்னாளில் ஹார்வர்டு பேராசிரியரான ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளின் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே பிழைகள் அதிகம் நடந்ததால் அல்ல, அஞ்சாமல் அவற்றைச் சொன்னதால் இருக்கலாம் என்பது அவர் தந்த விளக்கம். இதை எடுத்துக்கூறி, நோட்டில் எழுதியவருக்கு அதை வைத்து மெமோ கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்டேன். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மாறாக ஒரே ஒரு மெமோ வந்தாலும் நோட்டில் யாரும் எழுத மாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

2024 ஜூன் 24, திங்கள்

அனஸ்தீசியா டெக்னீஷியன், மாற்று ஆக்சிஜன் சிலிண்டரில் அளவு குறைந்திருப்பதை, யாரும் கேட்பதற்கு முன் தாமே சொன்னார். உடனே மாற்றினோம்.

2024 ஜூன் 28, வெள்ளி

பெயர் சொல்லும் முறையில் ஒரு குறை இன்று கண்ணில் பட்டது. டாக்டர்கள், நர்ஸ்கள், டெக்னீஷியன் வரை வந்து நின்றுவிடுகிறது. அன்று மாப்பைக் கண்டெடுத்த ஆயாம்மா ஒப்பந்தப் பணியாளர் என்பதால் அவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. அறையில் உள்ள ஒவ்வொருவரும் என்றால் அவரும் அதில் அடங்குவார். இதை இன்று எழுப்பியபோது மயக்க மருந்து டாக்டர் உடனே சம்மதித்தார். ஷிப்டுக்கு ஷிப்டு ஆயாக்கள் மாறுவதால் இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சர்ஜன் தயங்குகிறார். எந்த ஷிப்டில் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை ஒப்பந்ததாரரிடம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு மறுபடி சர்ஜனிடம் பேச வேண்டும்.