அநாதை என்று சொல்லியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

என் கணவரின் கொள்ளுத்தாத்தா சிறுவனாக இருந்தபோதே இங்கிலாந்திலிருந்து கனடாவுக்குத் தனியாக அனுப்பப்பட்டவர். அவர் ஓர் அநாதை என்பதற்கு மேல் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. 1869க்குப் பிறகு பர்னார்டோ போன்ற தொண்டு அமைப்புகள் இப்படி ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு மேல் கப்பலேற்றின, பையன்களைப் பண்ணை வேலைக்கும் பெண் பிள்ளைகளைப் பெரும்பாலும் வீட்டு வேலைக்கும்.

தேடுகிறவர்கள் கனடா தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள், இலவசம்தான். பெயரும் வயதும் கப்பலும் வந்த ஆண்டும் கிடைக்கலாம். எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள்.

ஆனால் உண்மையான கதை அனுப்பிய அமைப்பின் கோப்பில்தான் இருக்கிறது. பிள்ளையை ஏன் சேர்த்தார்கள், யார் கொண்டுவந்து விட்டார்கள், சில சமயம் சேர்த்த அன்று எடுத்த புகைப்படம்கூட. வாரிசு என்று காட்டி எழுதிக் கேட்க வேண்டும், பொறுமையும் வேண்டும். எங்களுக்கு வந்த கோப்பில் அவருடைய அம்மா உயிரோடு இருந்தார். கணவன் இறந்து, வாடகை கட்ட வழியில்லாமல் மகனை விட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ இருந்தார்கள் என்று படித்திருந்தேன், இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுதுவிட்டேன்.

ஒரு தங்கையின் பெயரும் அதில் இருக்கிறது. இப்போது 1901 இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.