ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் எனக்குக் குறைந்த இருபது மதிப்பெண்

வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதும் செவிலியர்களில் பெரும்பாலோர் எழுத்துத் தாளுக்குத்தான் பயப்படுவார்கள். நானும் அப்படித்தான். எழுத்து, வாசிப்பு, கேட்டல் மூன்றிலும் முதல் முயற்சியிலேயே தேறினேன். பேச்சில் 330. இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்யப் பேச்சில் 350 வேண்டும். வார்டில் 'வாய்க்காரி' என்று பெயரெடுத்தவள் வாயாலேயே தோற்றேன்.

மதிப்பெண் தாளில் எண் மட்டும்தான் இருக்கும், எங்கே குறைந்தது என்ற விளக்கம் இருக்காது. ஆகவே விடுதியில் தோழியோடு பயிற்சி செய்தபோது கைப்பேசியில் பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் கேட்டேன். வெட்கமாகிவிட்டது.

தேர்வின் அமைப்பு தெரியாதவர்களுக்காக: நோயாளியாக ஒருவர் நடிப்பார், நாம் செவிலியர். அட்டையில் சூழ்நிலையும் நாம் செய்ய வேண்டியவையும் இருக்கும். படித்துத் தயாராக 3 நிமிடம், பேச ஏறக்குறைய 5 நிமிடம். இப்படி இரண்டு முறை. எதிரில் இருப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுவார்கள். உச்சரிப்பு, சரளம், பொருத்தமான நடை, இலக்கணம் என்று மொழிக்கு நான்கு அளவுகோல். இவை தவிர, நோயாளியிடம் பேசும் முறைக்கு மட்டும் ஐந்து. முதல் முறை இந்த ஐந்தை நான் படிக்கவே இல்லை. ஆங்கிலத் தேர்வுதானே என்று ஆங்கிலத்தை மட்டும் தீட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பதிவுக்கு வருகிறேன். பயிற்சி அட்டையில், காலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருக்கும் 58 வயதுக்காரர் உடனே வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். நான் தொற்று, அழுகல், கால் எடுப்பது என்று மூச்சு விடாமல் பிரசங்கம் செய்திருக்கிறேன். நடுவே தோழி, "வீட்டில் மாடு இருக்கிறது சிஸ்டர், பார்க்க ஆளில்லை" என்கிறாள். "ஓகே" என்று சொல்லிவிட்டு இன்சுலினுக்குத் தாவியிருக்கிறேன். மொத்த உரையாடலின் சாவியை அவள் என் கையில் கொடுத்தும் நான் வாங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அதுவும், "புரிகிறதா?" புரிகிறதா என்று கேட்டால் நம் ஊரில் எவரும் தலையாட்டாமல் இருந்ததுண்டா?

இரண்டாம் முறைக்கு இதைத்தான் மாற்றினேன். முதலில் ஒரு திறந்த கேள்வி: "வீட்டுக்குப் போக அவசரப்படுகிறீர்களே, அங்கே என்ன கவலை?" பிறகு வாயை மூடிக்கொள்வது. மூன்று விநாடி மௌனம் தேர்வறையில் முப்பது விநாடி போலிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அதே சொல்லைப் பிடித்துப் பேச வேண்டும்: "மாட்டை நினைத்துத்தான் கவலையா? பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்க முடியுமா?" அறிவுரை அதற்குப் பிறகுதான், அதையும் துண்டு துண்டாக. முடிவில் "புரிகிறதா" வேண்டாம். "வீட்டுக்குப் போனதும் புண்ணுக்குப் போட்ட கட்டை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், சொல்லுங்கள்" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்பதையும் விட்டுவிடுங்கள். நமக்கு அது ஆறுதல். கேட்பவருக்கோ, தன் பயத்தைக் காதில் வாங்காமல் மூடி வைத்ததுபோல் இருக்கும்.

உச்சரிப்புக்காக ஆங்கிலேயர் போல நாக்கைச் சுழற்ற வேண்டியதில்லை. பயிற்சி மையத்தில் அப்படி ஒரு மாதம் வீணாக்கினேன். தெளிவாகக் கேட்டால் போதும். வார்டு ஆங்கிலம்தான் கவிழ்க்கும். நோயாளியின் துணைக்கு இருப்பவரை 'அட்டெண்டர்' என்கிறோம், வயிற்றுப்போக்கை 'லூஸ் மோஷன்' என்கிறோம். கடல் தாண்டினால் இரண்டும் செல்லாத காசு.

இந்தப் படிப்பு எனக்கு உண்மையில் உதவிய இடம் நள்ளிரவுத் தொலைபேசி. முன்பெல்லாம் டியூட்டி டாக்டரை அழைத்து, "சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும், பன்னிரண்டாம் பெட் கொஞ்சம் டல்லாக இருக்கிறார்" என்பேன். "டல் என்றால்?" என்று எரிச்சலோடு கேட்பார். குற்றம் அவருடையது என்றே நெடுநாள் நினைத்தேன். தூக்கத்தில் எழுந்தவரிடம் 'டல்' என்றால் அவர் என்னதான் செய்வார்?

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த, நிலவரத்தை வரிசையாகச் சொல்லும் 'எஸ்பார்' முறையைச் செவிலியர் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை. தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது இப்படிப் பேசுகிறேன்: "சார், மூன்றாம் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். பன்னிரண்டாம் பெட் நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் பி.பி. 120/80-இலிருந்து 90/60-க்கு இறங்கிவிட்டது. நாடி 118. வயது 62, நேற்று குடல் அறுவை நடந்தது. சிறுநீரும் குறைந்திருக்கிறது. உள்ளே ரத்தக்கசிவோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் நான் என்ன செய்து வைக்கட்டும்?"

கடைசி மூன்று வாக்கியங்கள்தான் நம் தொண்டையில் சிக்கும். டாக்டரிடம் நாம் சந்தேகம் சொல்வதா, வாருங்கள் என்று சொல்வதா என்ற கூச்சம். நோயைக் கண்டறிவது அவர் வேலைதான். ஆனால் ஒரு மணி நேரமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நாம். 'சந்தேகப்படுகிறேன்' என்ற சொல்லில் மரியாதையும் இருக்கிறது, விஷயமும் இருக்கிறது. அழைப்பதற்கு முன் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நடுக்கம் அதிலேயே போய்விடும். அவர் வாய்மொழியாக மருந்து சொன்னால் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒலியில் இரட்டைப் பிள்ளைகள், ஆகவே இலக்கம் இலக்கமாக 'ஒன், ஃபைவ்' என்றே சொல்லுங்கள்.

இரண்டாம் முறை 380 வந்தது. என் ஆங்கிலம் அந்த நான்கு மாதத்தில் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. பயிற்சிப் பதிவுகளில் நான் பேசும் நேரம் பாதியாகக் குறைந்திருந்தது.