பல கம்பெனிக் கருவிகள் உள்ள அலுவலகத்தில் மின்னஞ்சலை ஒழுங்குபடுத்திய அனுபவம்

மார்த்தாண்டத்தில் தலைமை அலுவலகமும் குலசேகரத்தில் கொள்முதல் கிடங்கும் கொண்ட ஒரு ரப்பர் வணிக நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி களியக்காவிளையைத் தாண்டுவதற்குள் பில்லும் இ-வே பில்லின் நகலும் கோட்டயத்தில் சரக்கு வாங்குபவரின் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவை சில நாள் சேர்ந்தன, சில நாள் சேரவில்லை. “அனுப்பியாச்சுன்னு மெஷின் சொல்லுது தம்பி, அங்க கிடைக்கலன்னு போன் வருது” என்று கணக்குப் பிரிவு அக்கா சொன்ன பிறகு, இதை அடியிலிருந்து முறைப்படுத்துவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் வலையமைப்பில் ஒரே கம்பெனிப் பொருள்களாக இருப்பவை மிகக் குறைவு. ஐப்பசி மாத இடிமின்னலில் ஏதாவது ஒரு கருவி பழுதாகும்போது, நாகர்கோவில் கடைகளில் அன்றைக்குக் கையிருப்பில் எது உள்ளதோ அதை வாங்கி மாட்டியே வந்திருக்கிறோம். அதனால் ரவுட்டர் ஒரு கம்பெனி, ஸ்விட்ச்சுகள் வேறு வேறு கம்பெனி, வலையமைப்புக்குள் வந்துபோவதைக் கண்காணிக்கும் ஃபயர்வால் இன்னொன்று. கணினிகளிலும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கம்பெனிக்கு மாற்றிவிடச் சிலர் யோசனை சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. மின்னஞ்சலை அனுப்பும் நெறியான எஸ்எம்டிபி 1982-இல் ஆர்எஃப்சி 821 என்ற பொது ஆவணமாக எழுதப்பட்டதே வெவ்வேறு வகைக் கணினிகள் தமக்குள் கடிதம் பரிமாறிக்கொள்வதற்காகத்தான். ஆகவே கடிதம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அந்த நெறியிலிருந்து விலகும் கருவி எது என்பது தெரிந்துவிடும்.

அதுவரை ஒவ்வொரு கருவியும் தனித்தனியே வெளியுலகுக்கு அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்கேனருக்குள் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கின் கடவுச்சொல்கூட இருந்தது. இதை முதலில் நிறுத்தினேன். ஒரு லினக்ஸ் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளை நிறுவி, எல்லாக் கருவிகளும் அதனிடமே கடிதத்தை ஒப்படைக்க வேண்டும், அது மட்டுமே வெளியே அனுப்பும் என்று அமைத்தேன். அதுவும் பெறுநரின் சர்வருக்கு நேரடியாக அனுப்புவதில்லை. மாறும் ஐபி முகவரி கொண்ட பிராட்பேண்ட் இணைப்பிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய சேவைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. சர்வர்கள் தமக்குள் அஞ்சல் பரிமாறும் வாசலான 25-ஆம் போர்ட்டை இணைப்பு தருபவர்களே அடைத்துவைப்பதும் உண்டு. எனவே வெளி அஞ்சலை யார் வழியாக அனுப்புவது என்று சொல்லும் ரிலேஹோஸ்ட் அமைப்பில் எங்கள் டொமைனின் அஞ்சல் சேவையை, கடவுச்சொல்லுடன் அஞ்சலை ஒப்படைப்பதற்கான 587-ஆம் போர்ட்டுடன் குறிப்பிட்டேன். அந்தப் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். இடாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்த சர்வர் ஏற்கும் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவைத் தேடி வேறு இடத்துக்குப் போய்விடும். யாருடைய அஞ்சலை ஏற்று அனுப்பலாம் என்று சொல்லும் மைநெட்வொர்க்ஸ் என்ற வரியில் உள் முகவரிகள் மட்டுமே இருக்க வேண்டும், இல்லையெனில் ஊரார் எரிதங்களுக்கெல்லாம் (ஸ்பேம்) நம் சர்வர் வழியாகிவிடும்.

இத்தனை செய்தும் ஸ்கேனர் ‘இணைப்பு தோல்வி’ என்ற இரண்டு சொற்களைத் தவிர எதையும் சொல்லவில்லை. கருவிகளின் திரையை நம்பிப் பயனில்லை, அவை சொல்வது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. சர்வரில் உட்கார்ந்து அதன் 25-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் என்ற கருவியால் நேரடியாக இணைத்துப் பார்த்தபோது 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி முழுமையாக வந்தது. ஸ்கேனர் இருக்கும் பகுதியிலிருந்து ஒரு மடிக்கணினியில் அதையே செய்தபோது 220-க்குப் பிறகு வெறும் நட்சத்திரக் குறிகளாக வந்தன. மறையாக்க வசதி உண்டு என்று அறிவிக்கும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் வரி எக்ஸ் எழுத்துகளாக மாறியிருந்தது. இடையில் இருந்த ஃபயர்வால், பாதுகாப்பு என்ற பெயரில் எஸ்எம்டிபி உரையாடலுக்குள் புகுந்து, தனக்குத் தெரியாத கட்டளைகளை அழித்துக்கொண்டிருந்தது. மறையாக்க வசதி இருப்பதே ஸ்கேனருக்குத் தெரியவராததால், மறையாக்கம் கட்டாயம் என்று அமைக்கப்பட்டிருந்த அது இணைப்பைத் துண்டித்துக்கொண்டது. அந்தப் பரிசோதனையை ஃபயர்வாலில் நிறுத்தினேன். கருவிகள் அனைத்தையும் கடவுச்சொல்லுடன் 587-ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன். அதன் பிறகு மார்த்தாண்டத்தில் தடங்கல் இல்லை.

குலசேகரத்தின் சிக்கல் வேறு. அங்கிருந்து இரண்டு வரிக் கடிதம் உடனே வந்தது, பில் இணைத்த கடிதம் பாதியில் நின்றது. சர்வரின் பதிவேட்டில் கடிதத்தின் உள்ளடக்கத்தை அனுப்பத் தொடங்கும் டேட்டா கட்டளைக்குப் பின் நேரம் கடந்துவிட்டது என்ற வரி மட்டும் இருந்தது. சிறியது போய்ப் பெரியது நின்றால் சந்தேகிக்க வேண்டியது எம்டியு அளவை, அதாவது ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவை. ஈத்தர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பிராட்பேண்டில் வழக்கமான பிபிபிஓஇ இணைப்பில் 1492தான். கிளைகளை இணைக்கும் விபிஎன் அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பொட்டலம் பெரிதாக இருக்கிறது என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்வது ஐசிஎம்பி செய்தி. அதை வழியிலிருந்த ஒரு கருவி தடுத்திருந்ததால், கிடங்கின் கணினி அதே அளவுப் பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்ற குறிப்புடன் பிங் என்ற சோதனைக் கட்டளையை இட்டு, 1472 பைட்டிலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால் எந்த அளவு கடக்கிறது என்பது தெரியும். தலைப்புப் பகுதிக்கு 28 பைட் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப ரவுட்டரில் ஒரு பொட்டலத்தில் ஏற்றும் தரவின் உச்ச அளவான டிசிபி எம்எஸ்எஸ்ஸைக் குறைத்து, தேவையான ஐசிஎம்பி செய்தியையும் அனுமதித்தேன். கிடங்கு அண்ணன் அனுப்பிய அடுத்த பில் தடையின்றி வந்தது.

மீதி வேலைகள் எளியவை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஏற்கும் கடிதத்தின் அளவு ஏறத்தாழ 10 எம்பி. கோப்பு இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்படும் பேஸ்64 முறையில் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவதால் 8 எம்பி ஸ்கேன்கூட அதைத் தாண்டிவிடும். வரம்பை உயர்த்துவதைவிட ஸ்கேனின் நுணுக்கத்தை 300 டிபிஐயாகக் குறைப்பதே நல்லது, எழுத்துகள் தெளிவாகவே தெரிகின்றன.

கடைசியாக, அனுப்புநர் அடையாளம். கருவிகள் தம் உட்பெயரையே அனுப்புநராக இட்டுக்கொண்டிருந்ததால், வெளியே போகும்போது அதை எங்கள் டொமைன் முகவரியாக மாற்றும் விதியைச் சர்வரில் எழுதினேன். டொமைன்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில், எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை உள்ள சர்வர்களைப் பட்டியலிடும் எஸ்பிஎஃப் பதிவுகள் இரண்டு கிடந்தன. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். அவற்றை ஒன்றாக்கி, கடிதம் எங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று உறுதிசெய்யும் டிகேஐஎம் கையொப்பத்தையும் இயக்கினேன். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர் எவராயினும் இவற்றில் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று கேட்பதால், இதைத் தள்ளிப்போட இடமில்லை. இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க்கைத் தடை எதுவும் விதிக்காத நிலையில் தொடங்கி, வரும் அறிக்கைகளைப் படித்து, எங்கள் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று கண்ட பிறகே, தேறாதவற்றை எரிதப் பெட்டிக்கு ஒதுக்கும் நிலைக்கு மாற்றினேன்.