முருங்கை இலை அட்டை

2025 ஜனவரி 5
கல்லடி மாமி போய்ப் பதினாறு நாளாகிறது. அவவின் மகள், என் சிநேகிதி, கனடாவில் இருக்கிறாள். விசா சிக்கலால் வர முடியாமல், செத்த வீட்டை ஃபோனில் நேரலையாகப் பார்த்தாள். நான் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்தேன், திரையில் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வாட்ஸ்அப்பில் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று முப்பது நாற்பது பேர் போட்டிருந்தார்கள், நானும்தான் போட்டேன், இரவு அது உறுத்தியது. கையால் ஒரு அட்டை செய்து அனுப்பப்போகிறேன். அதுவும் முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு. அதுவரைக்கும் ஆட்கள் பேசுவார்கள், அதற்குப் பிறகுதான் ஃபோன் அடிப்பது நின்றுபோகும்.

ஜனவரி 7
அம்மாவிடம் சொன்னேன். “செத்த வீட்டுக்குப் போய்க் கையைப் பிடிக்கிறதுதானே மனே, கடதாசி எதுக்கு?” என்றா. சரிதான், எங்கள் ஊர் வழக்கம் அதுதான். ஆனால் கனடாவில் போய் யார் கையைப் பிடிப்பது?

ஜனவரி 9
பிறிஸ்டல் போட் என்கிற தடித்த தாள் வாங்கி, ஏ4 அளவில் வெட்டி, அதை இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பாதியாக மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டை. முதல் மூன்றும் மடிப்பில் வெடித்து வெள்ளையாகப் பிளந்துவிட்டன. அச்சகத்தில் வேலை செய்த ஒரு ஐயாவிடம் கேட்டேன். கடதாசிக்கும் மரத்தைப் போல நார் ஓடும் திசை உண்டாம். தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிக்க வேண்டும். மை முடிந்த பேனையால் அடிமட்டம் வைத்து முதலில் ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தேன், வெடிக்கவில்லை.

ஜனவரி 12
மாமி வேலிக்கு மேலால் முருங்கைக் கொப்பு நீட்டுவா, நான் சின்னப் பிள்ளையில் இருந்தே. அந்த மரத்து இலையைத்தான் பேப்பருக்குள் வைத்து அமத்தினேன். மாரி ஈரம் வேறு, தினமும் பேப்பர் மாற்றினேன், கடைசியில் இலையெல்லாம் காம்பை விட்டுக் கழன்று கொட்டிவிட்டது. தவிர, தபாலில் செடிகொடி அனுப்ப வெளிநாடுகளில் கட்டுப்பாடு இருக்கிறது. பச்சை இலையின் அடிப்பக்கம் தண்ணி குறைவாக வாட்டர்கலர் பூசி அட்டையில் ஒற்றினால் நரம்பு நரம்பாகப் பதிகிறது. அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும். சாம்பல் கலந்த பச்சை நிறம் எடுத்தேன்.

ஜனவரி 14
பொங்கல். மாமி வீட்டு முற்றத்தில் அடுப்பு வைக்கவில்லை.

ஜனவரி 16
காத்தான்குடியில் இருந்து எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவவின் வாப்பாவும் போன மாதம் மௌத்தானார். உம்மா இத்தாவில், புருஷன் மௌத்தானால் மனைவி வீட்டோடு இருக்கிற காலத்தில், இருக்கிறா, நாலு மாதம் பத்து நாள். மகளுக்கும் ஒன்று செய்தேன். குத்துவிளக்கு, பூமாலை, ‘ஆத்மா சாந்தி’ எதுவும் இல்லாமல் வெறும் இலை மட்டும். மௌத்துக்கு முஸ்லிம்கள் சொல்கிற ‘இன்னாலில்லாஹி’ எழுதுவதா என்று அவவிடமே கேட்டேன், “உங்கட மனசில உள்ளதை எழுதுங்க, அது போதும்” என்றா.

ஜனவரி 18
சிநேகிதியின் அட்டைக்கு எழுத உட்கார்ந்தால் வருவதெல்லாம் கல்வெட்டில், அதுதான் செத்தவரின் நினைவாகக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தில், அச்சடிக்கிற வரிகள். நாலு தாள் கிழித்தேன். அப்புறம் இதை மட்டும் எழுதினேன்: ‘சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது எனக்குச் சட்டை இல்லை. உன் அம்மா உன்னுடைய வெள்ளைச் சட்டையின் தையலைப் பிரித்து, எனக்கு அளவாக ஒரே இரவில் தைத்துத் தந்தா. உனக்கு அது தெரியாது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றா.’ எப்படி நடந்தது, கடைசியில் என்ன சொன்னா என்றெல்லாம் கேட்கவில்லை, அதைச் சொல்லிச் சொல்லியே அவள் களைத்திருப்பாள்.

ஜனவரி 19
முப்பத்தோராம் நாள். அம்மா அட்டையை வாங்கி வாசித்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. “அந்தச் சட்டைக்குப் பொத்தான் என்ர பழைய பிளவுஸில இருந்துதான் வெட்டிக் குடுத்தனான், அதையும் எழுது” என்றா. உள்ளே இடமில்லை. பின்பக்கத்தில், இலைக் காம்புக்குக் கீழே, அம்மாவே பேனையை வாங்கிக் கோணல்மாணலாக எழுதினா. நாளைக்குத் தபால் கந்தோருக்குப் போகவேண்டும்.