தான்சானியாவின் கத்தோலிக்கப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக

தான்சானியாவுக்கு ஆசிரியர் வேலைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பர்மிட்டைப் பற்றித்தான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அப்புறம் வகுப்பறையில் என்ன காத்திருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் விரிவாக எழுத ஆசை.

நான் சேர்ந்தது மொரோகோரோ வட்டாரத்தில் அருட்சகோதரிகள் நடத்தும் பெண்கள் விடுதிப் பள்ளி. வெளிநாட்டவருக்கு அங்கே இரண்டு அனுமதிகள் வேண்டும்: வேலை செய்ய ஒன்று, வசிக்க ஒன்று. வேலை அனுமதியில் கணிதம், அறிவியல் ஆசிரியர்கள் 'பி' வகுப்பில் வருவார்கள். விண்ணப்பம் போடவேண்டியது பள்ளிதான், நாமல்ல. நம் பட்டத்தை அந்த நாட்டுப் பல்கலைக்கழக ஆணையம் ஏற்றுக்கொள்ள வேண்டும், கல்வித் துறையிடமிருந்து கற்பிக்கும் உரிமம் தனியாக வாங்க வேண்டும். இத்தனை படிகளில் ஏதோ ஒன்றில் கோப்பு நின்றுபோகும். எனக்கும் நின்றது. அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொண்ட சகோதரி ஒருவர் பொறுமையாக அலைந்து முடித்துக் கொடுத்தார். சான்றிதழ்களை ஊரிலேயே முறையாக அட்டெஸ்ட் செய்து, பிரதிகள் நிறைய எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

விண்ணப்பத்தோடு பள்ளி இன்னொன்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வெளிநாட்டு ஆசிரியரின் இடத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை எப்படித் தயார் செய்யப்போகிறோம் என்ற திட்டம் அது. 2015 சட்டம் வந்தபோது, அனுமதியை நீட்டித்துக்கொண்டே போனாலும் மொத்தம் ஐந்து ஆண்டுதான் என்று வைத்திருந்தது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வருகிறவர் அந்த ஊரிலேயே ஒருவரை உருவாக்கிவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு நாடு கேட்பது நியாயம்தானே.

சரி, வகுப்புக்கு வருவோம். தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி ஏழாம் வகுப்பு வரை சுவாஹிலியில் நடக்கிறது. உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்னில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பெட்டியும் மெத்தையுமாக விடுதிக்கு வந்து சேருவார்கள். நாம் வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று, ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். பாடத்தைத் தொடங்கினால் வகுப்பே மௌனமாகிவிடும். கணக்கு தெரியாததால் வந்த மௌனம் அல்ல. 'பெம்பேதாது' என்று கேட்டால் முக்கோணத்தை அழகாக வரைவார்கள், 'கவான்யா' என்றால் வகுத்துவிடுவார்கள். அதே வினா ஆங்கிலத்தில் நாலு வரி வாக்கியமாக வந்தால் பேனா நகராது.

ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் பாடத்திட்டத்தைத் தொடாமல் ஆங்கிலம் மட்டும் நடத்துவார்கள். அது போதாது. கரும்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதுவது என்று நானும் என்னோடு இருந்த இளம் உள்ளூர் ஆசிரியரும் முடிவு செய்தோம். பள்ளிக்குள் ஆங்கிலம்தான் என்ற கட்டுப்பாடு இருந்ததால் தலைமைச் சகோதரியிடம் பேச வேண்டியிருந்தது. ஃபார்ம் ஒன்னுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். இரவுப் படிப்பு நேரத்தில் ஃபார்ம் த்ரீ பெண் ஒருத்தியைச் சிறியவள் ஒருத்தியோடு உட்காரவைத்தோம். பெரியவள் கணக்கைச் சொல்லித்தரக் கூடாது, வினாவை மட்டும் சுவாஹிலியில் விளக்கலாம். மற்ற எதையும்விட இதுதான் பலன் தந்தது.

விடுதி வாழ்க்கை இதற்குப் பெரிய துணை. விடியுமுன் எழுந்து திருப்பலி, உஜி என்ற மாவுக் கஞ்சி, வளாகம் கூட்டுதல், அப்புறம் வகுப்பு. மதியம் சோளமாவில் கிண்டிய உகாலியும் பீன்ஸும். வழியில் சகோதரிகளைப் பார்த்தால் "தும்சிஃபு யேசு கிறிஸ்து" (இயேசு கிறிஸ்துவைப் போற்றுவோம்) என்பார்கள், பதிலுக்கு "மிலேலே அமினா" (என்றென்றும், ஆமென்). முஸ்லிம் பெண்களும் படித்தார்கள், ஒரே மேஜையில்தான் சாப்பாடு. மாலையில் ஷம்பா, அதாவது பள்ளித் தோட்டம். சோளமும் பீன்ஸும் அவர்களே கொத்தி விதைத்துக் களையெடுப்பார்கள்.

மிஷன் பள்ளி என்றால் வேலை வாங்குவார்கள் என்று நம் ஊர்க்காரர் ஒருவர் இதைப் பார்த்துச் சொன்னார். இந்த நாட்டில் அதற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1967-இல் நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரே அறிவித்த தற்சார்புக் கல்விக் கொள்கை, ஒவ்வொரு பள்ளியும் விளைவிக்கும் இடமாகவும் இருக்க வேண்டும் என்றது. அவரே கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்தான். முதலில் தபோரா ஊரில் செயின்ட் மேரீஸ் பள்ளி, எடின்பரோவில் படித்துத் திரும்பியபின் தார் எஸ் சலாமுக்குப் பக்கத்தில் புகு என்ற ஊரிலுள்ள செயின்ட் ஃபிரான்சிஸ். 1954 ஜூலை 7 அன்று நாட்டின் விடுதலைக்காக டானு கட்சியைத் தொடங்கியபோதும் புகுவில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1955-இல் ஐ.நா.வில் பேசித் திரும்பிய பிறகு, வேலையா அரசியலா என்ற நிலை வந்தபோது வேலையை விட்டார். பின்னாளில் அதிபரான பெஞ்சமின் எம்காப்பா அந்தப் பள்ளி மாணவர்.

அப்படிப்பட்ட புகு இன்று அரசுப் பள்ளி. 1969 கல்விச் சட்டத்துக்குப் பிறகு மிஷன் பள்ளிகள் அரசின் கைக்குப் போயின, பாதிரியார் ஆகப் படிப்பவர்களுக்கான குருமாணவர் பள்ளிகள் மட்டும் திருச்சபையிடம் நின்றன. தன் ஆசிரியர் வாழ்க்கையைத் தந்த பள்ளிகளையே நியரேரேயின் அரசு எடுத்துக்கொண்டது. இருந்தும் 2005-இல் அவரைப் புனிதராக்கும் முயற்சியைத் தொடங்கியது அதே திருச்சபை. எங்கள் சகோதரிகள் அவரைப் பற்றிக் கசப்பாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று நினைத்தவர் என்பார்கள். பிறகு தனியார் பள்ளிகளுக்கு மறுபடி இடம் கிடைத்து, 1992-இல் அரசுக்கும் திருச்சபைகளுக்கும் ஒப்பந்தம் ஆனது. நான் வேலை பார்த்தது அந்தப் பிந்தைய தலைமுறைப் பள்ளி.

கடைசி மலை நாலாம் ஆண்டான ஃபார்ம் ஃபோர், நவம்பரில் தேசியத் தேர்வு. சிறந்த ஏழு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி 7 முதல் 17 வரை இருந்தால் டிவிஷன் ஒன்று, அதாவது முதல் தரம். புள்ளி குறைவது நல்லது. ஏழு பாடம் போதுமே என்று கணக்கைக் கைவிடும் பிள்ளைகள் எங்கும் உண்டு, நாடு முழுக்க அதிகம் பேர் தோற்கும் பாடமும் அதுதான். நாங்கள் யாரையும் கைவிடச் சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பழைய வினாத்தாள்களை, முதலில் விடை எழுதாமல் வினாவை உரக்கப் படித்து விளக்கும் பயிற்சியாகவே நடத்தினோம். ஜனவரியில் முடிவு வந்தது. ஃபார்ம் ஒன்னில் பேனா நகராமல் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இயற்பியல், வேதியியல், கணிதம் என்ற பிரிவில் மேல்நிலைப் படிப்பான ஃபார்ம் ஃபைவ் போனார்கள்.

இப்போது அந்த ஃபார்ம் ஒன் வகுப்பை எடுப்பவர் என்னோடு இருந்த அந்த உள்ளூர் ஆசிரியர்தான். கரும்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதுவதை அவர் இன்னும் விடவில்லை.