ஷம் எல் நசீம்: கெய்ரோ நாட்குறிப்பு

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

பழைய கெய்ரோவில் குருத்தோலை ஞாயிறு. தேவாலயத்துக்குப் போகும் வழியில் பெண்கள் பேரீச்சங் குருத்தை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி ஓலையை நகத்தால் கிழித்து, நுனியைப் பல்லில் கடித்தபடி முடைந்து, நடுவில் கோதுமைக் கதிரைச் செருகி ஒரு சிலுவையை முடித்துவிட்டார். அந்த விரல்களைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

திங்கட்கிழமை ஷம் எல் நசீம். தென்றலை முகர்தல் என்று பொருள். ஈஸ்டருக்கு மறுநாள் வந்தாலும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே கொண்டாடும் வசந்த விழா. அன்றைக்கு ஃபெசீக் என்னும் ஊறவைத்த உப்பு மீன் இல்லாத வீடு குறைவு.

மடவை மீனை உப்பிவரும்வரை வைத்திருந்து, பிறகு பீப்பாயில் உப்போடு அடுக்கி வாரக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். கருவாடு போலக் காய்வதில்லை. சதை ஈரமாகக் குழைந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து முகர்ந்தார். முகம் சுளித்து ஒதுக்கினார். அடுத்ததை முகர்ந்து, என் மூக்கருகேயும் நீட்டினார். கண் எரிந்தது. பக்குவம் தவறிய ஃபெசீக் உயிரையே வாங்கும். சுகாதார அமைச்சகம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்குங்கள் என்று விடுதிக்காரர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். துணி துவைத்தேன், தூங்கினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையிலேயே படகேறி அல் கனாதிருக்குப் போனேன். நைல் இரண்டாகப் பிரியும் இடம். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அணைகளைச் சுற்றித் தோட்டங்கள். புல் தெரியாத அளவுக்குப் பாய்கள் விரித்திருந்தன.

"இத்ஃபத்தல்!" என்று ஒரு குடும்பம் அழைத்தது. வாருங்கள், சாப்பிடுங்கள் என்பதற்கு அந்த ஒரே சொல்தான். ஒரே பாயில் இரண்டு வீட்டார்: ஒரு வீடு முஸ்லிம், எதிர்வீடு கிறிஸ்தவம். அந்த எதிர்வீட்டு அம்மாவுக்கு 55 நாள் நோன்பு நேற்றுத்தான் முடிந்திருக்கிறது. நோன்பில் மீன் கிடையாது, அதனால்தான் இந்த விழா ஈஸ்டரைத் தாண்டி வந்தது என்றார். முள்ளை ஒவ்வொன்றாக உருவி, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியில் மீனையும் வெங்காயத்தாளையும் வைத்துச் சுருட்டி என் கையில் திணித்தார். முதல் வாய் உப்பும் காரமுமாக ஏறியது. வெங்காயத்தைக் கடித்ததும் அடங்கியது. இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன். எவ்வளவு வற்புறுத்தியும் பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

வெங்காயத் தோலில் வேகவைத்துச் செம்பழுப்பேறிய முட்டை ஒன்றைச் சிறுமி ஒருத்தி என் பைக்குள் வைத்துவிட்டாள். நாளைக் காலை லக்சர் ரயிலில் அதுதான் என் சாப்பாடு.